கம்பத்துக்கு ஊத்துன தண்ணி

ஏனுங்க்கா, சித்த அக்கட்ட நகந்து உக்காருங்க. இந்தப் பையைக் காலுக்கடியில வெச்சுக்கறேன். ஒண்ணுமில்லீங்க, எள்ளுருண்டையும் கொஞ்சம் முறுக்கும், எம் புள்ளைக்கு. கோயமுத்தூர்ல காலேசு படிக்கறா. ஆஸ்டல் சோத்தைத் தின்னு கழுத்தெலும்பு வெளிய வந்து கெடக்குது, போட்டோவுல பாத்தேன். நேர்ல பாத்து எவ்வளவு நாளாச்சுங்கறீங்க! தீவாளிக்கும் வர்ல, பொங்கலுக்கும் வர்ல. போன் பண்ணுனா எடுக்கறதில்ல. எடுத்தாலும் "ம்"முங்கறா, "ம்"முங்கறா, வெச்சுப்புடறா. பெத்தவகிட்ட பேசற பேச்சாங்க அது?

நீங்களும் கோயமுத்தூருங்களா? அப்பச் செரி, பேச்சுத்துணைக்கு ஆச்சு. டீச்சருங்களா? பாத்தாலே தெரியுதே. அப்ப நீங்களே நாயம் சொல்லுங்க. எம் மேல என்ன தப்புன்னு சொல்லுங்க. ஆனா முழுசாக் கேட்டுட்டுத்தான் சொல்லோணும்.

எம் புள்ள பேரு ஓவியா. ஒத்தைப் புள்ள. மூணாவது படிக்கறப்ப அவங்கப்பா தவறிட்டாருங்க. அதுக்கப்பறம் எங்களத் தாங்கிப் புடிச்சது என்ற அண்ணன் நல்லசிவந்தான். பீசு கட்டறதா, அவரு. காய்ச்சல்னா கார் எடுத்துட்டு வந்து நிக்கறதா, அவரு. அவ பெரிய மனுசி ஆனப்ப மாமன் சீரு கொண்டாந்தாரு பாருங்க, எங்கூர்ல இன்னைக்கும் அதைப் பத்திப் பேசுவாங்க. பொறந்த ஊடுன்னு எனக்கு மிச்சம் இருக்கறது அந்த ஒரு மனுசன்தானுங்க.

அண்ணன் ஆத்தோரமா சாயப்பட்டறை வெச்சிருக்கறாரு. பாத்தீங்களா, உடனே மொகத்தைச் சுளிக்கறீங்க! எல்லாரும் இப்படித்தான். பனியன் போடாதவங்க யாருங்க இருக்கறாங்க? நீங்க கட்டியிருக்கற சீலைக்கு சாயம் என்ன ஆகாசத்துல இருந்தா வந்துச்சு? அவரு எல்லாம் சுத்தம் பண்ணித்தான் உடறாரு. மெசினு போட்டிருக்குது, பெரிய பெரிய தொட்டி கட்டியிருக்குது. மழை பெய்யறப்ப மட்டும் கொஞ்சம் தொறந்து உடுவாங்க. மழைத் தண்ணியோட தண்ணியாப் போயிருமில்ல, அதுல என்ன வந்துச்சு?

எங்கூட்டுல குடிக்க, சோறாக்க எல்லாம் கேன் தண்ணிதானுங்க. அதும் அண்ணன் அனுப்பறதுதான். கெணத்துத் தண்ணியை மேலுக்கு ஊத்துனா எனக்கு ஒரே அரிப்பு. இதோ பாருங்க கையை. டாக்டரு தண்ணியாலங்கறாரு. அவரு வெளியூர்க்காரரு, அவருக்கென்ன தெரியும்? எனக்குச் சூட்டு ஒடம்பு. சின்ன வயசுல இருந்தே சூட்டு ஒடம்பு. அப்பெல்லாம் அரிச்சதில்ல, அது வேற.

இப்ப விசயத்துக்கு வர்றேன். எங்கூர்ல மாசியில மாரியாத்தா நோம்பிங்க. கோயல் முன்னால வேப்பமரத்துக் கெளையில கம்பம் நடுவோம். அந்தக் கம்பத்தைத்தான் ஆத்தாளோட ஊட்டுக்காரரா நெனச்சுக்கறது. பொம்பளைங்க ஒட்டுக்காக் கொடம் எடுத்துட்டு ஆத்துக்குப் போயி, தண்ணி மொண்டு, வேப்பந்தழை சொருகி, பம்பை அடிச்சுட்டு வந்து கம்பத்துக்கு ஊத்தோணும். அவங்கவங்க கையால ஊத்தலாம், பூசாரி கையில குடுக்க வேண்டியதில்ல. ஆத்துத் தண்ணிதான் ஊத்தோணும். அது ஆதியில இருந்து வர்ற மொறை.

இப்பவும் ஆத்துக்குத்தானுங்க போறோம். மொறையெல்லாம் மாத்தல. போயி எறங்கி, சூடம் பத்த வெச்சு ஆத்தைக் கும்புட்டுக்குவோம். கரையில அண்ணனோட டேங்கர் வந்து நிக்கும், நல்ல தண்ணி, குடிக்கற தண்ணி. அதுல இருக்கற குழாயில கொடத்தைப் புடிச்சுக்குவோம். அப்பறம் பம்பையை அடிச்சு உட்டா, ஆத்துத் தீர்த்தம் வருது, ஆத்துத் தீர்த்தம் வருதுன்னு வழி உடுவாங்க. யாரும் ஒண்ணும் கேக்கறதில்ல. கேக்கறதுக்கு என்ன இருக்குது? சாமிக்குச் சுத்தமான தண்ணி ஊத்தோணுமா இல்லையா, நீங்களே சொல்லுங்க.

ஊரே ஒத்துக்கிட்ட விசயம். அந்தப் புள்ளைதான் கெடுத்தா. ஆமா, அவ பேரைச் சொல்லாம எப்படி? மாதேஸ்வரி. தர்மபுரிப் பக்கத்துக்காரங்க. அவங்கப்பன் பெருமாளு, எங்கண்ணன் பட்டறையில சாய மெசின்ல நின்னான். பட்டறைக்குப் பின்னால லைன் ஊட்டுல குடியிருந்தாங்க. அந்தப் புள்ளையும் ஓவியாவும் ஒண்ணாப்புல இருந்து ஒரே பெஞ்சு. எங்கூட்டுலயேதான் கெடப்பா. என் கையால சோறு போட்டிருக்கறேனுங்க! குத்தம் சொல்லக் கூடாது, தின்ன தட்டைக் கழுவி வெச்சுட்டுத்தான் போவா. படிப்பும் கெட்டிக்காரி. ஓவியாவுக்குக் கணக்கு வராது, அவதான் உக்கார வெச்சுச் சொல்லிக்குடுப்பா. அதை நான் இல்லைங்கல.

பள்ளிக்கோடத்துல பசுமை மன்றம்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. அதுலதான் வந்துச்சு வெனை. ஓவியாதான் தலைவி. மரக்கன்னு நடறதுன்னாங்க, செரி. கன்னெல்லாம் வாங்கிக் குடுத்ததே அண்ணன்தான். சால்வை போட்டு அண்ணனைத் தலைமை தாங்க வெச்சு போட்டோ எடுத்தாங்க. எங்கூட்டுச் செவுத்துல மாட்டியிருக்குது. அதோட நிறுத்தியிருக்கோணுமில்ல? ஆத்துத் தண்ணியைப் பாட்டல்ல புடிச்சுட்டு வர்றது, அதுல காயிதத்தை நனைச்சுப் பாக்கறது, ஆத்துல மீனே இல்லைன்னு எழுதறது. மீனு இல்லைன்னா மார்க்கெட்டுல வாங்கிக்க வேண்டியதுதான். ஒரு நாளு சோறு திங்கறப்ப கேக்கறா, "அம்மா, மாமன் வருசா வருசம் கன்னு வாங்கித் தர்றாரே, அதுக்கு ஊத்தற தண்ணியும் டேங்கர்லதானே வரோணும்?" அப்படீங்கறா. வாயைப் பாருங்க! எங்கிருந்து வந்துச்சு அந்த வாயி? எல்லாம் அந்த மாதேஸ்வரி சகவாசம்.

போன வருச நோம்பிக்கு மொத நாளு, நானும் ஓவியாவும் கொடத்துக்கு மஞ்சத் துணி கட்டிட்டு இருந்தோம். "அம்மா, இந்த வருசம் நெசமாலுமே ஆத்துல மொண்டுக்கட்டா?" அப்படீன்னா. "போடி கிறுக்கி, கால் வெச்சாப் பொத்துப்போகும்"னு சொன்னேன். "அப்ப எதுக்கும்மா ஆத்தைக் கும்புடறீங்க?"ன்னா. பேசாம வேலையைப் பாருடீன்னு சத்தம் போட்டேன். பாருங்க, அப்பவே அந்தப் புள்ள அவ மனசுல எப்படி ஏத்தி உட்டிருக்கறா! எனக்குத் தெரியாமப் போச்சு.

மறுநாளு எல்லாரும் ஆத்துக்குப் போனோம். மாதேஸ்வரிக்கும் ஒரு கொடம். வெளியூர்க்காரங்களுக்கு எதுக்குன்னு நாலு பேரு மொணமொணத்தாங்க. ஓவியா ஒரே அழிச்சாட்டியம், அவளுக்கு இல்லீன்னா எனக்கும் வேண்டாம்னுட்டா. அண்ணன்தான் பெரிய மனசு பண்ணி, எடுக்கட்டும் உடுங்கன்னாரு. அப்படிப்பட்ட மனுசனுக்குத்தான் இந்தக் கதி.

கும்புட்டு முடிச்சு எல்லாரும் டேங்கர்கிட்ட வரிசையில நின்னோம். நான் திரும்பிப் பாக்கறேன், ஓவியா பாறை மேல எறங்கி ஆத்துக்குள்ள நிக்கறா. மாதேஸ்வரி மொழங்காலுக்குத் தண்ணியில எறங்கி, அவ கையைப் புடிச்சு இழுத்துட்டு இருக்கறா. "வேண்டாம் ஓவி, வேண்டாம் ஓவி, எங்கப்பாவுக்கு வேலை போயிரும்"னு அழுகறா. ஆத்துக்குள்ள இழுத்தாளோ, வெளிய இழுத்தாளோ, அவ்வளவு தொலைவுல நான் என்னத்தைக் கண்டேன்? அந்நேரம் பாத்துப் பம்பை அடிச்சு உட்டாங்க. கூட்டம் கெளம்பீருச்சு. கொடத்து வாயில வேப்பந்தழை இருந்தா உள்ள என்ன இருக்குதுன்னு யாருக்குத் தெரியும்?

கோயலுக்கு வந்தோம். ஒருத்தரொருத்தரா ஊத்தறாங்க. நான் ஊத்திட்டு ஒதுங்கி நிக்கறேன். ஓவியா வந்தா. தழையை எடுத்துப் போட்டா. கொடத்தைத் தூக்கிக் கம்பத்து உச்சியில ஊத்துனா பாருங்க, நாவப்பழத்தைப் பிழிஞ்சாப்பல வந்துச்சுங்க. கருநீலமா, நொரையோட. மஞ்சளும் குங்குமமும் பூசி வெச்ச கம்பம் மேல இருந்து கீழ வரைக்கும் அப்படியே ஒழுகுது. நாத்தம்னா நாத்தம், அப்படியொரு நாத்தம். பம்பைக்காரன் கை அப்படியே நின்னுபோச்சு. பூசாரி "ஆத்தா!"ன்னு கத்தீட்டாரு.

வேடிக்கையைக் கேளுங்க, வருசா வருசம் அந்த ஆத்துக்குத்தான் சூடம் காட்டறோம். அந்தத் தண்ணியைப் பாத்து அன்னைக்கு ஊரே பத்தடி தள்ளி நின்னுச்சு. கொழந்தைகளையெல்லாம் இழுத்துத் தூரமா நிறுத்திக்கிட்டாங்க, மேல பட்டுருமின்னு.

அண்ணன் முன்னால வந்தாரு. மொகம் செவந்து கெடக்குது. "யாரு பண்ணுன வேலை இது? யாரு சொல்லிக் குடுத்தது?"ன்னாரு. ஊரே அவரைப் பாக்குது. ஓவியா நிமிந்து நின்னு, "மாமா, நாந்தான்..."னு ஆரம்பிச்சா. நான் உடுவனா? பாஞ்சு போயி வாய் மேலயே ஒண்ணு குடுத்தேன். பல்லு பட்டு ஒதடு கிழிஞ்சு ரத்தம் வந்துருச்சு. என்னங்க பண்றது, அன்னைக்கு அவ அதைச் சொல்லி முடிச்சிருந்தா எங்களுக்குன்னு யாரு இருக்கறாங்க? புருசன் இல்லாதவ நான். பொறந்தவன் கையை உதறீட்டா நாளைக்கு இவ படிப்பு என்ன ஆவும், கல்யாணம் என்ன ஆவும்? அதெல்லாம் ஒரு நிமிசத்துல எம் மண்டைக்குள்ள ஓடுது. அப்பப் பாத்தேன், மாதேஸ்வரி பாவாடை மொழங்கால் வரைக்கும் கருநீலம். "இவதான் அண்ணா, இவதான் எம் புள்ளையைக் கெடுத்தா, ஆத்துக்குள்ள இழுத்தா, என்ற ரெண்டு கண்ணால பாத்தேன்"னேன்.

அவ என்னையைப் பாத்தா. அப்பறம் ஓவியாவைப் பாத்தா, அவ வாயில இருந்து ரத்தம் வர்றதைப் பாத்தா. அவங்கப்பன் பெருமாளு கூட்டத்துக்குப் பின்னால கையைக் கட்டிட்டு நின்னான், அவனையும் பாத்தா. "ஆமாங்க. நாந்தாங்க"ன்னா.

கேட்டீங்களா? அவளே ஒத்துக்கிட்டா! ஊரு முன்னால, சாமி முன்னால, அவ வாயால ஒத்துக்கிட்டா. நான் என்ன அடிச்சா ஒத்துக்க வெச்சேன்? நான் அடிச்சது என்ற புள்ளையைத்தானே? அப்பறம் எம் மேல என்ன தப்பு?

ஓவியா "இல்ல, இல்ல"ன்னு கத்துனா. நாலு பொம்பளைங்களாப் புடிச்சு ஊட்டுக்கு இழுத்துட்டு வந்து கதவைச் சாத்துனோம். பொழுது சாயறதுக்குள்ள லைன் ஊட்டைக் காலி பண்ணீட்டாங்க. பெருமாளை வரவேண்டாம்னுட்டாரு அண்ணன். அடிக்கல, போலீசுக்குப் போகல, அதுக்கே அவங்க கும்புடோணும். போறப்ப அந்தப் புள்ள எங்கூட்டு வாசல்ல வந்து நின்னா, ஓவியாவோட கணக்கு நோட்டு அவகிட்ட இருந்துச்சுன்னு. நான் கதவைத் தொறக்கல. ஜன்னல் வழியா வாங்கி வெச்சுக்கிட்டேன். பாவமாத்தான் இருந்துச்சுங்க. எனக்கென்ன கல்லு மனசா?

பன்னெண்டாவது பரீட்சை அதுக்கப்பறந்தான் வந்துச்சு. மாதேஸ்வரி எழுதல. எங்க போயி எழுதறது? இப்பப் பல்லடத்துப் பக்கம் ஒரு நூல் மில்லுல இருக்கறாளாம். ஓவியா எழுதிப் பாஸாயிட்டா. அண்ணன்தான் காலேசுல சேத்தி உட்டாரு. இத்தனைக்கும் அப்பறமும் அவருதானுங்க சேத்தி உட்டாரு! சேர மாட்டேன்னு ஒரு வாரம் சோறு திங்காமப் படுத்துக் கெடந்தா. அப்பறம் எந்திரிச்சு, "செரி, படிக்கறேன். ஆத்தைப் பத்தித்தான் படிப்பேன்"னா. ஏதோ ஒண்ணைப் படின்னு உட்டோம். போனவதான். வர்ல.

நான் ஒத்தையில கெடக்கறேன், அக்கா. சொன்னா நம்ப மாட்டீங்க, சோறு திங்கக்கூடத் துணை இல்ல. டீவியைப் போட்டு உட்டுட்டுத்தான் திங்கறேன், ஏதோ மனுசச் சத்தம் கேக்குமேன்னு. யாருக்காகப் பண்ணுனேன்? எம் புள்ளைக்காகத்தானே? ஒரு தடவை போன்ல கேட்டா, "அம்மா, அன்னைக்கு நீ என்ற வாயை அடைச்சது எனக்குப் பெருசில்ல, அவ வாயில ஏன் அதைப் போட்ட?"ன்னு. எனக்குப் புரியல. புள்ளையைக் காப்பாத்துனதுக்கு இப்படியா கேப்பாங்க?

இப்ப மறுபடி நோம்பி வந்துருச்சு. அடுத்த செவ்வாக்கெழமை. போன வருசம் கம்பத்துல தீட்டுப் பட்டுச்சு, அதனாலதான் ஊருக்கு மழை இல்லைன்னு பேசறாங்க. அதுக்கும் மேல, யாரோ அன்னைக்குக் கம்பத்தை செல்போன்ல படம் புடிச்சு, ஆத்துல சாயத் தண்ணி உடறதைப் புடிக்கற கவர்மெண்டு ஆபீசுக்கு அனுப்பீட்டானாம். ஆபீசருங்க வந்து பட்டறையில தண்ணி எடுத்துட்டுப் போயிருக்கறாங்க. அண்ணன் மொகத்தைப் பாக்க முடியல. அவரே வந்து சொன்னாரு: "கலாமணி, ஓவியா வரட்டும். கோயல் முன்னால மைக்கைப் புடிச்சு ஒரே ஒரு வார்த்தை, அந்தப் புள்ள பேச்சைக் கேட்டுட்டுத் தெரியாமப் பண்ணீட்டேன், அவதான் எதையோ கலக்கி எடுத்துட்டு வந்தான்னு சொல்லட்டும். ஊரும் செரியாயிரும், ஆபீசருங்களுக்கும் ஒரு பதிலாயிரும். இல்லாட்டி என்ற ஊட்டு வாசலை நீ மிதிக்க வேண்டாம்." அழுதுட்டே சொல்றாருங்க. அவரு அழுது நான் பாத்ததே இல்ல.

அதுக்குத்தான் போறேன். கால்ல உழுந்தாவது கூட்டிட்டு வரோணும். அவ சொல்லுலீன்னா எனக்குப் பொறந்த ஊடு இல்ல. இப்பவே புள்ள இருந்தும் இல்லாதவதான். ரெண்டும் இல்லாம நான் என்னங்க பண்ணுவேன்?

ஏனுங்க்கா, உங்க போனை ஒருக்காக் குடுங்களேன். என்ற நம்பரைப் பாத்தா எடுக்க மாட்டா. புது நம்பரா இருந்தா எடுத்துருவா. ரெண்டே நிமிசந்தான். நம்பர் எனக்கு மனப்பாடம். ஆங், நீங்களே போட்டுக் குடுங்க, எனக்கு இந்தப் போனு வராது.

அல்லோ? கண்ணு? அம்மாடா. வெச்சுறாத, வெச்சுறாத! பஸ்ஸுல வந்துட்டு இருக்கறேன். ஒரு அக்கா போனு. நோம்பிக்கு வாடா சாமி. மாமன் ஒண்ணுமே கேக்க மாட்டாரு. கோயல் முன்னால ஒரு வார்த்தை பேசிட்டாப் போதும்ங்கறாரு. ஆமா, மைக்குலதான். ஊரே இருக்கும். ஆபீசருங்களா? அவங்களும் வருவாங்கன்னுதான் மாமன் சொன்னாரு. என்னது? ... நெசமாவா? நெசமாத்தான் சொல்றியா, கண்ணு? ... அவ எதுக்குடா? ... செரி, செரி, கூட்டிட்டு வா. வரட்டும், நான் ஒண்ணும் சொல்லல. நீ வந்தாப் போதும். சாப்ட்டியா? அல்லோ? அல்லோ?

வெச்சுட்டா. அக்கா, வர்றேன்னுட்டா! எத்தனை நாளைக்கப்பறம் எங்கிட்ட முழுசாப் பேசியிருக்கறா! "வர்றேம்மா, மைக்கைக் குடுக்கச் சொல்லு, நடந்ததை நடந்தபடி எல்லார் முன்னாலயும் சொல்றேன்"னா. மாதேஸ்வரியையும் கையோட கூட்டிட்டு வர்றாளாம். வரட்டுமே, அவளும் ஒருக்கா மன்னிப்புக் கேட்டுட்டா சோலி முடிஞ்சுது. பாத்தீங்களா, எம் ரத்தமில்ல? என்னைக்கா இருந்தாலும் மனசு எறங்காம இருக்குமா? நீங்க ஏன் அப்படிப் பாக்கறீங்க? சந்தோசத்துல அழுகறேனுங்க, வேற ஒண்ணுமில்ல. இருங்க, அண்ணனுக்கு இப்பவே சொல்லிப்புடறேன், பாவம், அவரு ராத்தூக்கம் இல்லாமக் கெடக்கறாரு. இது என்ற போனு, இது எனக்கு வரும்.

அண்ணா? நாந்தான். ஓவியா வர்றாண்ணா. பேசறேன்னுட்டா! ஆமா, அவ வாயாலயே சொன்னா. அந்த மைக் செட்டுக்காரனுக்கு இப்பவே சொல்லி உட்டுரு. ஒரு கொழாய் ஸ்பீக்கரு பத்தாது, நாலு பக்கமும் கட்டச் சொல்லு. ஆத்துக்கு அக்கரை வரைக்கும் கேக்கோணும்.